ஊழா, ஊழியமா?

"ஊழ்!" என்கிறது ஊர். "உடல்வாகு!" என்கிறது கோப்பு. ஊர் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம், மேடையேறி மறுக்கிறோம், ஏடெழுதி எள்ளுகிறோம். கோப்பு அதையே சொல்லும்போது மட்டும் ஏன் வாளாவிருக்கிறோம்? கோப்பில் அரசின் முத்திரை இருப்பதாலா? முத்திரை குத்திவிட்டால் மூடநம்பிக்கை அறிவியலாகிவிடுமா?

காலொடிந்தவனைப் பார்த்து, "முற்பிறப்பில் செய்த வினை" என்று சொன்னவனுக்கு ஒரு வசதி இருந்தது. காலை ஒடித்த கல் எது, அந்தக் கல்லைச் சுமக்கச் சொன்னவன் யார், கூலி கொடுத்தவன் எங்கே என்ற கேள்விகள் எழாமற் போயின. காரணத்தைப் பாதிக்கப்பட்டவனின் பிறவிக்குள்ளேயே புதைத்துவிட்டால், வெளியே எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வினைக் கொள்கையின் வேலையே அதுதான். அதை எதிர்த்துத்தான் நம் இயக்கம் பிறந்தது.

அந்தக் கொள்கை கோயில் மண்டபத்தில் மட்டும் குடியிருக்கவில்லை. படைவீரனின் ஊன ஓய்வூதியக் கோப்பிலும் அது குடியேறியிருக்கிறது. அங்கே அது வேட்டி கட்டவில்லை. வெள்ளை மேலங்கி அணிந்திருக்கிறது. "இந்நோய் படைப்பணியால் வந்ததன்று, படைப்பணியால் மிகுந்ததுமன்று, இயல்பாகவே உடலமைப்பில் உள்ளது." இந்த ஒரு தொடர், ஒன்பதாண்டு உழைத்தவனை வெறுங்கையுடன் வீட்டுக்கு அனுப்பப் போதுமானதாய் இருந்திருக்கிறது.

அது நடக்கும் முறையை முதலில் பார்ப்போம். நோயினாலோ காயத்தினாலோ பணிக்குத் தகுதியிழந்த வீரன் மருத்துவக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறான். குழு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது. குறைபாடு பணியினால் வந்ததா, அல்லது பணியினால் மிகுந்ததா என்பது முதற்கேள்வி. நூற்றுக்கு எத்தனை விழுக்காடு என்பது இரண்டாவது. 1961ஆம் ஆண்டின் படை ஓய்வூதிய ஒழுங்குவிதிகள், முதற்கேள்விக்கு "ஆம்" என்றும், இரண்டாவதற்கு 20 அல்லது அதற்கு மேல் என்றும் விடை வந்தால்தான் ஊன ஓய்வூதியம் உண்டு என்றன. இரண்டில் ஒன்று தவறினாலும் இல்லை.

சிப்பாய் ஒருவனுக்கு வழக்கமான ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்தாண்டுப் பணி வேண்டும். எட்டாம் ஆண்டில் வலிப்பு வந்து, ஒன்பதாம் ஆண்டில் வெளியேற்றப்பட்டவனுக்கு அந்த வழி அடைபட்டது. எஞ்சியிருப்பது ஊன ஓய்வூதியம் ஒன்றே. அதற்கும் "உடல்வாகு" என்ற பூட்டு! அவன் முறையிடுவது கூடுதல் காசுக்காக என்று எண்ணுவோர், அவன் கையிலே வேறென்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கு இதுதான். 1985இல் படையில் சேர்ந்தார். 1994இல் வலிப்பு நோய் காரணமாக வெளியேற்றப்பட்டார். குறைபாடு 20 விழுக்காடு என்று குழு எழுதியது. ஆனால் பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றும் எழுதியது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த நாள் 2013 ஜூலை 2. பத்தொன்பது ஆண்டுகள்! வெளியேற்றப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தை வாக்குரிமை பெறும் வயதைத் தாண்டிவிட்டது, தந்தையின் உரிமை வந்து சேர்வதற்குள்.

நீதிமன்றம் புதுச்சட்டம் எதையும் படைத்துவிடவில்லை. 1982ஆம் ஆண்டின் தகுதி விதிகளைப் படித்துக் காட்டியது, அவ்வளவே. அந்த விதிகள் என்ன கூறின? படையில் சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படாவிட்டால், அவன் நல்ல உடலோடும் நல்ல மனத்தோடும் சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். பின்னர் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால், இடையில் ஏற்பட்ட நலிவு பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை வீரன்மேல் இல்லை. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் அவனுக்கே. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று குழு கருதினால், அதற்குரிய காரணங்களை எழுதியாக வேண்டும்.

காரணங்களை எழுதியாக வேண்டும்! பகுத்தறிவாளனுக்கு இதைவிட இனிய சட்டச்சொல் ஏது? "நான் மருத்துவன், நான் சொல்கிறேன், நீ நம்பு" என்பதற்கும், "நான் புரோகிதன், நான் சொல்கிறேன், நீ நம்பு" என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. காரணம் காட்டுகிறவரை மருத்துவம் அறிவியல். காரணம் காட்ட மறுக்கும் கணத்தில் அதுவும் அருள்வாக்கு!

படையில் ஆளெடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். உயரம் அளக்கிறார்கள், மார்பு அளக்கிறார்கள், கண்ணைச் சோதிக்கிறார்கள், காதைச் சோதிக்கிறார்கள், பாதம் தட்டையா என்று பார்க்கிறார்கள். ஓடவிட்டு, தாண்டவிட்டு, ஆயிரம் பேரில் சிலரைப் பொறுக்குகிறார்கள். பொறுக்கியவனைப் பனிமலையில் நிறுத்துகிறார்கள், பாலையில் நிறுத்துகிறார்கள், உறக்கமற்ற காவலில் நிறுத்துகிறார்கள். உடல் ஓய்ந்து திரும்பும்போது, "இந்தக் குறை உன்னோடு பிறந்தது" என்கிறார்கள். பிறந்தது என்றால், பொறுக்கிய நாளில் உங்கள் கருவிகள் எங்கே போயிருந்தன? எடுக்கும்போது வைரம், எறியும்போது கரியா?

இந்தக் கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது, 1939இல், பிரிட்டன் அரசு மெய்ப்பிக்கும் சுமையைத் தன் வீரர்களின் தலையில் ஏற்றியது. மக்கள் கொதித்தனர். படைக்குத் தகுதியானவன் ஓய்வூதியத்துக்கும் தகுதியானவனே என்ற முழக்கம் எழுந்தது. 1943இல் அந்தச் சுமை அரசின் தோளுக்கு மாறியது. முறையீட்டைக் கேட்கத் தனித் தீர்ப்பாயங்களும் சட்டத்தால் அமைந்தன. போர் நடந்துகொண்டிருக்கும்போதே!

பிரான்சு நாடு அதற்கும் முந்திக்கொண்டது. 1919 மார்ச் 31ஆம் நாள் இயற்றிய சட்டத்தில், போரில் சிதைந்த உடலுக்கு ஈடு பெறுவது வீரனின் உரிமை என்று அறிவித்தது. குறைபாடு பணியிலே தோன்றியது என்ற ஊகத்தை வீரனுக்குச் சார்பாக வைத்தது. முறையீட்டு மன்றத்தில் நீதிபதியோடு ஒரு மருத்துவரும், ஓய்வூதியம் பெறும் உடற்குறையுற்ற வீரர் ஒருவரும் அமர வழி செய்தது. வலியை அறிந்தவன் ஒருவன் வலியை அளக்கும் இடத்தில் இருக்கட்டும் என்ற எண்ணம் எவ்வளவு எளியது, எவ்வளவு அரியது!

பிரான்சை நாம் இங்கே இழுப்பது பெருமைக்காக அன்று. நாகூருக்கு வடக்கே, காரைக்கால் மாவட்டத்தின் தென்னெல்லையில், கீழவாஞ்சூர் இருக்கிறது. இன்று அங்கே துறைமுகம் இயங்குகிறது, சரக்குந்துகள் விரைகின்றன. அந்த எல்லைக்கோட்டைத் தாண்டுவோரில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும், 1947 வரையில் கோட்டுக்குத் தெற்கே பிரிட்டன் கொடியும் வடக்கே பிரான்சின் கொடியும் பறந்தன என்பது? 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. பிரெஞ்சுப் படையிலே பணியாற்றி ஓய்வூதியம் பெற்றோரைப் புதுவையிலும் காரைக்காலிலும் "சொல்தா" என்றே மக்கள் அழைத்தார்கள்.

ஒரே மணல், ஒரே மொழி, ஒரே மீன்குழம்பு. கோட்டுக்கு இப்பால் பிறந்தவன் ஒரு கொடியின்கீழ்ச் சுட்டான். அப்பால் பிறந்தவன் வேறொரு கொடியின்கீழ்ச் சுட்டான். குண்டு துளைத்த தொடை ஒன்றுபோலத்தான் வலித்தது. ஆனால் அந்த வலிக்கு யார் பொறுப்பு, எவன் மெய்ப்பிப்பது, எவ்வளவு ஈடு என்பதைக் கோடு முடிவு செய்தது. பிறந்த இடம் மதிப்பை முடிவு செய்யும் ஏற்பாட்டுக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? சாதி என்ற பெயர்!

உரிமை பேசிய பிரான்சும் அந்தக் கறையிலிருந்து தப்பவில்லை. 1959 திசம்பரில் இயற்றிய நிதிச் சட்டத்தால், தன் முன்னாள் குடியேற்றங்களின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் ஓய்வூதியத்தை உயராமல் உறையவைத்தது. ஒரே பதுங்குகுழியில் கிடந்த இருவரில் பிரெஞ்சுக்காரனின் தொகை ஆண்டுதோறும் ஏறியது. ஆப்பிரிக்கனின் தொகை அப்படியே நின்றது. செனகல் நாட்டைச் சேர்ந்த தியோப் என்ற முன்னாள் வீரரின் வழக்கில், 2001 நவம்பர் 30இல், அந்நாட்டின் உயர் நிர்வாக மன்றம் அதனைப் பாகுபாடு என்று தீர்த்தது. சட்டம் முழுமையாய்த் திருந்த மேலும் ஆண்டுகள் பிடித்தன. ஏட்டில் எழுதிய உரிமையும் எவரேனும் முறையிட்டால்தான் கைக்கு வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி விழுக்காட்டுக்கு வருவோம். நம் தஞ்சைத் தரணியின் களத்துமேட்டில் நெற்குவியல் ஒன்று கிடக்கிறது. ஒரு மணியை எடுத்துவிட்டால் குவியல் குவியலாக இல்லாமற் போகுமா? போகாது. இன்னொரு மணி? போகாது. அப்படியானால் எந்த மணியை எடுக்கும்போது குவியல் மறைகிறது? கிரேக்கச் சிந்தனையாளர்களும் இந்தப் புதிரோடு மல்லுக்கு நின்றார்கள். எல்லை தெளிவாக இல்லாத பொருளுக்கு எல்லை வகுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எல்லை நாம் போட்டது, இயற்கை போட்டதன்று என்ற அறிவு நமக்கு வேண்டும். அதுதான் அந்தப் புதிர் தரும் பாடம்.

கோப்பு அந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. 19 என்று எழுதினால் ஒன்றுமில்லை. 20 என்று எழுதினால் வாழ்வு. அதுமட்டுமா? 1996 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, உடற்குறையால் வெளியேற்றப்பட்டவனின் விழுக்காடு 50க்குக் கீழிருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்குமேல் 100 என்றும் முழுமையாக்கப்பட்டது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தப் பயன் உண்டு என்று 2014 திசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. நூறு விழுக்காட்டுக்கு ஈடு, இறுதியாகப் பெற்ற ஊதியத்தில் நூற்றுக்கு முப்பது. ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 விழுக்காட்டுக்கு மாதம் 6,000 ரூபாய். ஆக, 19க்கும் 20க்கும் இடையே உள்ள ஒரே ஒரு புள்ளியின் விலை, வாழ்நாள் முழுவதும் மாதம் 6,000!

அந்த ஒரு புள்ளியை அளந்த கருவி எது? குருதியழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரையை அளக்கக் கருவி உண்டு. செவி மங்கியவன் தன் குழந்தையின் மழலையைக் கேளாமற் போவதை 19 என்றும் 20 என்றும் பிரித்துக்காட்டும் கருவி எந்தக் கடையில் விற்கிறது? அளவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவின்றி அரசு நடவாது. மனிதன் போட்ட அளவை மனிதன் மறுபடி பார்க்கலாம் என்கிறோம். மறுபடி பார்க்கும் வழிக்குத்தான் மேல்முறையீடு என்று பெயர்.

2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த முடிச்சை ஒரு கேள்வியால் அவிழ்த்தது எனலாம். இருபதுக்கும் குறைவான குறைபாடுதான் என்றால், அவனை ஏன் வெளியேற்றினீர்கள்? வெளியேற்றும் அளவுக்குக் குறைபாடு இருந்தால், அது இருபதுக்கும் மேற்பட்டது என்றே கொள்ள வேண்டும். வேலைக்கு உதவாதவன் என்று ஒரு வாயாலும், பெரிய குறை இல்லாதவன் என்று மறுவாயாலும் ஒரே நாளில் பேசக்கூடாது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு வேண்டுமா? சந்தைக்குப் போய்வந்த அறிவு போதாதா?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அதனை மறைப்பது நமக்கு வழக்கமும் இல்லை.

"குருதியழுத்தம் கடைக்காரனுக்கும் வருகிறது, சர்க்கரை நோய் ஆசிரியனுக்கும் வருகிறது. படைவீரனுக்கு வந்தால் மட்டும் பணிமேல் பழியா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2019இல் மனநோய் தொடர்பான வழக்கொன்றில் உச்சநீதிமன்றமும், வீரனுக்குச் சார்பான ஊகம் மறுக்க முடியாதது அன்று, மருத்துவக் குழுவின் கருத்துக்கு உரிய மதிப்பு உண்டு என்று கூறி வழக்கைத் தள்ளியது. ஊகம் ஊகமே, அது வேதமன்று. மறுக்கலாம். ஆனால் மறுப்பவர் காரணம் காட்ட வேண்டும். கடைக்காரன் தன் கடையை அடைத்துவிட்டு உறங்கலாம். காவற்கோபுரத்தில் நிற்பவன் உறங்கலாமா? வாழ்வை முழுதாய்த் தன் ஆணைக்குள் வைத்திருந்தவர் யாரோ, அவரிடமே அந்த வாழ்வின் குறிப்பேடுகளும் இருக்கின்றன. எந்த மலையில் நின்றான், எத்தனை திங்கள் நின்றான், எந்த மருத்துவமனையில் கிடந்தான் என்ற ஏடுகள் அனைத்தும் அரசின் பேழையில். சான்றை ஒருவர் பூட்டி வைத்துக்கொண்டு, மற்றவரைச் சான்று கேட்பது வழக்காடுதல் ஆகாது, வம்பு.

"போலிகள் பெருகிவிட்டார்கள்" என்பது இன்னொரு வாதம். 2023இல் கணக்குத் தணிக்கைத் துறை, ஊன ஓய்வூதியத்தோடு ஓய்வு பெறுவோரின் விகிதம் சிப்பாய்களைவிட அதிகாரிகளிடையே மிகுதி என்பதைச் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. போலி இருந்தால் பிடியுங்கள்; பிடிக்க வேண்டியது கடமை. ஆனால் மேலிடத்துப் போலிக்காகக் கீழிடத்து மெய்யன் ஏன் தண்டிக்கப்பட வேண்டும்? படிகளில் எளிதாய் ஏறத் தெரிந்தவன் எந்த விதியிலும் வழி கண்டுகொள்வான். கதவை இறுக்கும்போது நசுங்குவது, கதவின் மொழியே புரியாமல் வெளியே நிற்பவனின் விரல்தான்.

அடுத்தது மான உணர்ச்சியைத் தொடும் கேள்வி. "போனது போகட்டும், கெஞ்சிக்கொண்டு நிற்பானேன்?" என்று வீரனே சொல்லிவிடுகிறான். பெருமிதம் உள்ளவன் அப்படித்தான் சொல்வான். அவனிடம் நாம் சொல்ல வேண்டியது: கெஞ்சுவது வேறு, கேட்பது வேறு. ஓய்வூதியம் அரசு விருப்பப்பட்டு வீசும் கொடை அன்று, அது உரிமை என்று 1971இலும், மீண்டும் 1982 திசம்பர் 17இல் நகரா வழக்கிலும் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுப்பவன் பெருந்தன்மையைக் கொண்டாடுவது தருமம். பெறுபவன் தலைநிமிர்ந்து பெறுவது உரிமை. தருமசத்திரத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்த மக்களை உரிமைமன்றத்தின் வாசலுக்கு அழைத்துவந்ததுதான் இந்த நாட்டில் சீர்திருத்தம் செய்த வேலை. தகுதியான உரிமையைக் கேளாமல் விடுவதைத் தியாகம் என்று எண்ணலாம். அடுத்து வருகிறவனுக்கும் கதவு அடைபட அது துணைபோகிறது.

கெஞ்சுதல் என்ற சொல்லை வேறொரு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். முறையீடு செய்வது வீரன் மட்டும்தானா? தீர்ப்பாயம் வீரனுக்குச் சார்பாகத் தீர்த்தால், அரசே மேல்மன்றத்துக்கு ஓடுகிறதே! எல்லைக்கோட்டுச் சுற்றுக்காவலில், கடுங்குளிரில் உயிர்நீத்த வீரன் ஒருவனின் துணைவிக்குத் தீர்ப்பாயம் வழங்கிய ஓய்வூதியத்தை எதிர்த்து அரசு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்த அம்மையாரை இந்த மன்றம் வரை இழுத்திருக்கவே கூடாது என்று கூறி, 2024 திசம்பரில் 50,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்க ஆணையிட்டது நீதிமன்றம். குடியரசு நாளில் மாலை, மறுநாள் வழக்கு! இதற்குப் பெயர் நாட்டுப்பற்றா?

நாம் போரைப் போற்றுகிறவர்கள் அல்லர். போர் ஒழிய வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆயினும், போரை வெறுப்பதால் போரில் புண்பட்டவனையும் மறந்துவிடலாம் என்பது கோணல் வழக்கு. பண்டைத் தமிழகம் களத்தில் மாண்டவனுக்கு நடுகல் நட்டது, பீலி சூட்டியது, விழுப்புண்ணைப் புகழ்ந்தது. புண்ணோடு வீடு திரும்பி, நாற்பதாண்டு நொண்டி நடந்தவனுக்கு என்ன செய்தது? கல் சோறு கேட்காது; காயம்பட்டவன் கேட்பான். கல்லுக்கு மாலை போடுவது மலிவு. மனிதனுக்கு மருந்து கொடுப்பது செலவு. மலிவானதைச் செய்துவிட்டுச் செலவானதை மறக்கும் பழக்கம் அரசுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

யார் படைக்குப் போகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. நிலமுள்ளவன் வீட்டில் ஒருவன் போனால், நிலமில்லாதவன் வீட்டில் பலர் போகிறார்கள். வேறு வேலை இல்லை என்பதே பலருக்கு ஆள்சேர்ப்பு முரசு. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் நான்காண்டு பணி, கால்பங்கினர் வரையில்தான் மேலும் நீடிக்க வாய்ப்பு, ஓய்வூதியம் இல்லை. பணியால் வந்த உடற்குறைக்கு 100, 75, 50 என்ற மூன்று படிகளில் 44, 25, 15 இலட்சம் ரூபாய் ஒருமுறை வழங்கப்படும் என்றது திட்டம். இங்கும் அதே இரண்டு கேள்விகள் காத்திருக்கின்றன: பணியால் வந்ததா? எத்தனை விழுக்காடு? இருபத்தைந்து வயதில் வெளியே வரும் இளைஞனுக்கு அந்த விடை, எஞ்சிய நாற்பதாண்டுகளின் விலை. இந்த வரிகளைப் படிக்கும் தோழர்களின் தம்பிமார்களே அந்த வரிசையில் நிற்கிறார்கள்!

ஆகவே, தோழர்களே, பகுத்தறிவு என்பது கடவுள் உண்டா இல்லையா என்று திண்ணையில் வாதிடுவதோடு முடிந்துவிடுவதன்று. காரணம் காட்டாத ஆணை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலே, தெருவிலே, ஓய்வூதியம் மறுக்கப்பட்டு வாய்மூடிக் கிடக்கும் முன்னாள் படைவீரர் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவரைத் தேடிச் செல்லுங்கள். மறுப்பாணையை எடுத்துவரச் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கைக் குறிப்பையும் கேட்டு வாங்க 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உதவும். சேரும் நாளில் குறை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "தொடர்பில்லை" என்று எழுதியிருந்தால், அதன்கீழ்க் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறுப்பு வந்த ஆறு திங்களுக்குள் முதல் முறையீடு; அதுவும் தோற்றால் அடுத்த ஆறு திங்களுக்குள் இரண்டாம் முறையீடு. அதற்கப்பால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்கும் புதுவை, காரைக்காலுக்கும் அதன் சென்னை அமர்வு. அதன் தீர்ப்பையும் உயர்நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள், தமிழ் மட்டுமே அறிந்த தாயின் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியிலே, பதினைந்தாண்டு மடிந்து கிடக்கலாம். அதைத் தலைவிதியின் ஓலை என்று அவள் நம்பியிருக்கலாம். அது விதி அன்று. எவரோ ஓர் அலுவலர் ஒரு பிற்பகலில் எழுதிய கருத்து. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். இதை அந்தத் தாய்க்குப் புரியவைக்கும் தோழர், நூறு கூட்டங்களில் விதியை மறுத்துப் பேசியவரைவிடப் பெரிய பகுத்தறிவுப் பணியைச் செய்தவராவார்.

ஊழ் என்று சொன்னால் ஒதுங்கிப் போவோம் என்று எண்ணுகிறார்கள். ஊழியம் என்று எடுத்துக்காட்டுவோம்! காரணம் கேட்போம், கணக்குக் கேட்போம், கைக்கு வரும்வரை கேட்போம்!